நள்ளிரவில் மணி அடித்த சத்திரம்

சேலத்தில் லீ பஜாரை ஒட்டிச் சத்திரம் என்று ஓர் இடம் இருக்கிறது. மஞ்சள் மூட்டைகளும் அரிசிச் சிப்பங்களும் இறங்கிக்கொண்டே இருக்கும் தெருக்கள். டவுன் பஸ் அங்கே நின்று நின்றுதான் நகரும். "சத்திரம்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் மண்டிக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். சத்திரத்தைத் தேடி யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. நானும் பல வருஷம் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கியிருக்கிறேன், அது ஒரு வீட்டின் பெயர் என்று நினைக்காமலே.

சத்திரம் என்றால் என்னவென்று எனக்குச் சொன்னவர் அப்புச்சி. அம்மாவின் அப்பா. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய மண்டி வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரை பூசிய கொத்தனார். "காசு கேக்காத வீடு, சாமி. சோத்தப் போட்டுட்டுத்தான் எந்தூருன்னே கேப்பாங்க" என்றார். அவருடைய அப்பா வண்டி ஓட்டிப் போன காலத்தில் இருட்டுகிற இடத்தில் ஒரு சத்திரம் இருந்தால் போதுமாம், மாட்டுக்குத் தண்ணீர், மனுஷனுக்குத் திண்ணை, விடிந்ததும் கிளம்பலாம்.

இன்னொன்றும் காட்டினார். ஓமலூர் போகிற பழைய ரோட்டில் புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், இன்னொருத்தர் கைகொடுக்காமல், அப்படியே நகர்ந்து சுமையை அதன்மேல் இறக்கிவிடலாம். திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் ஆள் வேண்டாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை வைப்பது நம் பக்கத்து வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்புச்சி என்னை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, "உன் தலைக்கு மேல இருக்கு பாரு. நீ வளந்து சொம ஏத்தி வரும்போது சரியா இருக்கும்" என்றார்.

நான் வளர்ந்து வீடு கட்டித் தரும் வேலைக்கு வந்தேன். அஸ்தம்பட்டியிலும் ஏற்காடு அடிவாரத்திலுமாக வருஷத்துக்கு நாலைந்து வீடு. சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் என்று கணக்குப் போட்டே நாள் போய்விடும். சுண்ணாம்பு மறந்துபோன கை என்னுடையது.

நாலு வருஷம் முன்னால் பட்டுக்கோட்டையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சி போனேன். அங்கேயும் சத்திரம் பேருந்து நிலையம். தஞ்சாவூரில் வண்டி மாறி, பட்டுக்கோட்டை ரோட்டில் 24 கிலோமீட்டர் போனால் ஒரத்தநாடு. பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு சுவர் என்னை இறங்கவைத்தது. கல்யாணம் மறுநாள்தானே, அடுத்த பஸ்ஸில் போனால் ஆயிற்று.

அது முக்தாம்பாள் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது, 1802 வாக்கில் முடிந்தது. முக்தாம்பாள் அவருக்குத் தாலி கட்டிய ராணி அல்ல, மனசுக்கு நெருக்கமானவர். சாகும் தறுவாயில் அவர் கேட்டுக்கொண்டது தன் பெயரில் ஓர் அன்னசத்திரம். அதனால்தான் ஒரத்தநாட்டுக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் இருந்தது. தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்கள் பலவற்றுக்கும் அரண்மனைப் பெண்களின் பெயர்தான். நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம். பெரும்பாலானவை ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாக இருந்தன. காசியிலிருந்து நடந்து வருகிறவர்கள், ராமேஸ்வரத்திலிருந்து காசிக்குத் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி.

முகப்பைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றேன். சக்கரமும் குதிரையும் யானையுமாக, ஒரு தேரை இழுத்துக்கொண்டு வந்து ரோட்டோரம் நிறுத்திவைத்த மாதிரி செய்திருக்கிறார்கள். தேர் மாதிரி மண்டபம் கட்டுவது நம் கோயில்களில் புதிதில்லை, தாராசுரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே உள்ளே இருப்பது சாமி. இங்கே உள்ளே போய் உட்காரப்போகிறவன் புழுதிக்காலோடு வரும் பரதேசி. மாசக்கணக்காக நடந்து கால் வெடித்து வருகிறவனுக்கு எதிரே தேர் நிற்கிறது. கட்டியவர் இதை யோசித்துத்தான் செய்தார் என்று நான் நம்புகிறேன்.

உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், மரத்தூண்கள், தூணின் தலையில் செதுக்கல் வேலை, மாடி. அப்புறம் இன்னொரு முற்றம். சில பகுதிகளில் கூரை இறங்கிவிட்டது, சுவரின் உச்சியில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. போகக்கூடாத இடத்துக்கு நான் போகவில்லை. ஆனால் ஒரு தாழ்வாரத்தைக் காலால் அளந்து பார்த்தேன், தொழில் பழக்கம். ஓர் ஆள் தலைமாட்டில் மூட்டையை வைத்துக் காலை நீட்டிப் படுக்கலாம். படுத்திருப்பவரை மிதிக்காமல் இன்னொருவர் நடந்துபோக அதற்கப்புறமும் இடம் இருக்கும். இன்றைக்கு நாங்கள் வீட்டுக்குப் போடும் வராண்டா நாற்காலியின் அளவு. அது படுத்திருக்கும் மனுஷனின் அளவு. முற்றமும் அப்படியே. நூறு பேர் படுக்கிற இடத்தில் ஜன்னலை நம்பினால் மூச்சு முட்டும். முற்றம் இருந்தால் அடுப்புப் புகை மேலே போய்விடும், காற்று கீழே இறங்கும், மழைத் தண்ணீர் ஓர் இடத்தில் சேர்ந்து வடியும், ராத்திரி எத்தனை நாழிகை ஆயிற்று என்று படுத்தபடியே வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பூச்சு உதிராத ஓர் இடத்தில் சுவரைத் தொட்டேன். சித்திரை வெயில். வெளியே தார் ரோடு கொதிக்கிறது, சுவர் பானையின் வயிற்றைப் போலக் குளிர்ந்திருக்கிறது. வழவழப்பும் அப்படித்தான், முட்டை ஓட்டைத் தடவுகிற மாதிரி. அப்புச்சியின் சுவர்!

அவர் காரை சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். சுண்ணாம்பைக் குழியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பிறகு மணலோடு சேர்த்துச் செக்கில் போட்டு, மாட்டைக் கட்டிச் சுற்றிச் சுற்றி அரைக்க வேண்டும். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு தண்ணீரில் ஊறவைத்து, அந்தப் புளித்த தண்ணீரை விட்டு அரைத்தால்தான் காரை பிடிக்கும். எங்களுக்குக் கடுக்காய் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வரும். வெல்லத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டி. கடைசிப் பூச்சுக்கு வெண்ணெய் மாதிரி அரைத்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். அதைப் பூசிவிட்டுப் போய்விட முடியாது. ஈரம் காயும்வரை வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓயும்வரை. மேல்தளம் இன்னும் பாடு. தேக்கு உத்தரத்தின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுகிற தாளத்துக்குப் பாட்டும் உண்டு என்று அப்புச்சி சொல்வார். அரண்மனைக்குச் செய்கிற இந்த வேலையையெல்லாம், ஒரு ராத்திரி படுத்துவிட்டு விடிந்ததும் போகப்போகிற வழிப்போக்கனுக்காகச் செய்திருக்கிறார்கள்.

எதிரே டீக்கடையில் ஒரு பெரியவர் விசாரித்தார். "எங்கேருந்து தம்பி வர்றீங்க?" சேலம் என்றேன். "அவ்ளோ தூரத்துலேருந்து இதப் பாக்கவா?" என்று ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார், "நான் இதுல தங்கிப் படிச்சவன் தம்பி." சத்திரம் பிற்காலத்தில் ரொம்ப வருஷம் மாணவர் விடுதியாக இருந்தது. மழை நாளில் முற்றத்தைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடியதைச் சொல்லிக்கொண்டே என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகுதான் சரபோஜியின் கடிதத்தைப் படித்தேன். அதைப் படித்த பிறகு அந்தக் கட்டடம் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

1799இல் செய்த உடன்படிக்கையில் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமும்தான். சத்திரங்களுக்கு எழுதிவைத்த கிராமங்களின் வருமானமும் போய்விடுமோ என்ற கவலையில் 1801 ஜனவரியில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டுக்கு எழுதுகிறார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கெஞ்சல் கடிதம்தான். ஆனால் இதைவிடத் துல்லியமாக ஒரு கட்டடத்தை யாரும் வர்ணித்து நான் படித்ததில்லை, கல்லைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லாமலே.

பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்களுக்கும், ஜோகி, ஜங்கமர், பைராகி என்று எந்தத் துறவி வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மசாலாச் சாமான்களும் தனியாக. குழந்தைகளுக்குப் பால். வழியில் காய்ச்சல் கண்டு வந்தவருக்கு மருந்து, பத்தியச் சாப்பாடு, குணமாகும்வரை மரியாதையான கவனிப்பு. வைத்தியர்கள் இருக்கிறார்கள், வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் கூட. அங்கேயே இறந்துபோனால் அவரவர் சாதி வழக்கப்படி காரியம். தாய் தகப்பன் இல்லாமல் போன வழிப்போக்கரின் பிள்ளைகளை வாத்தியாரிடம் ஒப்படைக்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, படிப்பு. நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். நாலு நாளைக்கு ஒருமுறை! ராஜா ஒருவர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அநாதைப் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்கிற கணக்கு வருகிறது. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்தால் கல்யாணச் செலவும் சத்திரத்தினுடையது.

பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றித் தனியாக எழுதுகிறார். சத்திரத்தில் பிரசவம் ஆனால் செலவும் மருந்தும் கொடுத்து, பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் தங்கவைக்கிறார்கள். இதைப் படித்தபோது ஓமலூர் ரோட்டுச் சுமைதாங்கி ஞாபகம் வந்தது. செத்துப்போன பெண்ணின் பெயரால் எழுந்த கட்டடத்தில் இன்னொரு பெண் பிழைத்துப் பிள்ளையோடு கிளம்பிப் போயிருப்பாள்.

அப்புறம் அந்த மணி. சாப்பாடு நள்ளிரவு வரை நடக்கிறது. நள்ளிரவில் மணி அடித்து, இதுவரை சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், உங்களுக்குச் சமைத்த சோறு இருக்கிறது என்று கூவி அழைக்கிறார்கள். வந்தவருக்குப் போடுவதோடு அவர்கள் வேலை முடியவில்லை. இருட்டில் எங்கோ, கேட்கக் கூச்சப்பட்டு, பசியோடு படுத்திருக்கும் கடைசி ஆளைத் தேடிக் குரல் போகிறது. அந்தக் குரல் போய்ச் சேர வேண்டுமென்றால் கட்டடம் திறந்திருக்க வேண்டும். திண்ணை தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். முற்றம் வானத்துக்குத் திறந்திருக்க வேண்டும். நான் காலால் அளந்த தாழ்வாரத்துக்கு அர்த்தம் இந்த மணியில்தான் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. எல்லோருக்கும் சோறு உண்டு என்றாலும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. அந்தக் காலச் சத்திரங்களில் பிராமணர்களுக்கு அடுக்களையும் உட்காரும் இடமும் தனி. சாதி வழக்கப்படி காரியம் என்று அந்தக் கடிதமே சொல்கிறது. முற்றங்கள் ஒன்றுக்கும் மேற்பட்டு இருப்பதைப் பார்க்கும்போது, அழகு என்று மட்டும் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. என் அப்புச்சி எந்த முற்றத்தில் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். வடலூரில் வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே சாதி மதம் பார்க்காமல் ஒரே பந்தி. சத்திரம் விட்டுவைத்த குறையை அந்த ஓலைக் கொட்டகை சரிசெய்தது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் சத்திரம் இல்லாமல் போனால் என்ன வரும் என்பதை எங்கள் ஜில்லா நேரில் பார்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று கிழவிகள் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை, அதில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் இருந்த ஜில்லா 1881இல் 16 லட்சமாகச் சுருங்கியது. சர்க்கார் நிவாரணம் கொடுக்காமல் இல்லை. ஆனால் பசி உண்மையா என்று சோதித்துவிட்டுக் கொடுத்தது. வேலை வேண்டுமென்றால் வீட்டிலிருந்து 10 மைலாவது தள்ளியிருக்கும் முகாமுக்கு நடந்து வர வேண்டும். கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். கூலியாக ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அரைக் கிலோவுக்கும் குறைவு, மேலே கொஞ்சம் சில்லறை. பஞ்சத்தைக் கவனிக்க வைஸ்ராய் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கொண்டுவந்த கணக்கு இது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இதைத் தின்று உழைக்க முடியாது, ஆள் செத்துவிடுவான் என்று எதிர்த்துச் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

நள்ளிரவில் மணி அடித்து அழைப்பதற்கும், பட்டினி கிடப்பவனை 10 மைல் நடக்கச் சொல்வதற்கும் நடுவே வெறும் 76 வருஷம். சேலத்து மண்ணில் வீடு கட்டிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கணக்கு தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

சென்னையிலும் பஞ்சத்தில் பிறந்த ஒரு சத்திரம் உண்டு. 1782இல் ஹைதர் அலி போரின்போது ஊர் மணியக்காரர் ஒருவர் பொறுப்பில் கஞ்சி ஊற்றத் தொடங்கியது. மணியக்காரர் சத்திரம் என்பதைத்தான் வெள்ளைக்காரர்கள் மோனிகர் சௌல்ட்ரி என்று எழுதிவைத்தார்கள். அதை ஒட்டி வளர்ந்த கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை.

தஞ்சைச் சத்திரங்கள் ஒரே நாளில் மூடவில்லை. 1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் ராஜ்யம் போயிற்று. சத்திரத்து நிலங்களின் வருமானம் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அதில் சில நல்ல காரியங்களும் நடந்தன, திருவையாற்று அரசர் கல்லூரி அப்படி வந்ததுதான். ஆனால் நடந்து போகிறவர்கள் குறைந்தார்கள். சேலத்துக்கு 1861இல் ரயில் வந்தது. பாம்பன் பாலத்தில் 1914இல் ரயில் ஓடியது. காசிக்காரர் ராமேஸ்வரத்துக்கு உட்கார்ந்தே போய்ச் சேரலாம் என்றான பிறகு ஒரத்தநாட்டில் எதற்கு இறங்குவார்?

போன வருஷம் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு வீட்டு வேலை. ஓய்வு பெற்ற டீச்சரம்மா. காம்பவுண்டுச் சுவர் எட்டடி வேண்டும் என்று முதலில் சொன்னவர், நான் சத்திரக் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி தம்பி, கேட்டுக்கு வெளியே ஒரு திண்ணை போட்டுடுங்க" என்றார். ஏழடி நீளம். இதற்காகவே சுண்ணாம்பு நீற்றி, மலைக் கடுக்காய் வாங்கி வெல்லத்தோடு ஊறப்போட்டேன். கல்லால் தேய்க்க எனக்குக் கை பழகவில்லை, இரண்டு தடவை வெடித்தது. மூன்றாவது தடவை நின்றது. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையேறுகிறவர்கள் அதில் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார்கள் என்று டீச்சரம்மா போன் செய்து சொன்னார்.

அடுத்த வாரம் பூச்சைப் பார்க்கப் போயிருந்தேன். மலைப் பேரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்து நின்றார். திண்ணையைப் பார்த்தார், உட்காரவில்லை. கூடையை இறக்க வேண்டுமே, திண்ணை முழங்கால் உயரம்தான். நான் ஓடிப்போய்க் கைகொடுத்தேன். அவர் பேரிக்காய் ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, "இன்னங்கொஞ்சம் ஒசரமா வெச்சிருந்தா நானே எறக்கிக்குவேன் கண்ணு" என்றார்.

மறுநாள் ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். திண்ணையின் மேற்கு ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, ஒரு கல்லைப் படுக்கப் போட்டோம். நாலரை அடி. உயரம் சரியா என்று பார்க்க நானே ஒரு சிமென்ட் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிப் பார்த்தேன்.